பி.எஸ்.ஏ பி31: சூடு ஆறக் காத்திருந்த ஆறு வருடம்

தேவகோட்டைப் பங்காளி ஒருவன் போன வாரம் போன் போட்டான். பழைய பி.எஸ்.ஏ பி31 மோட்டார் சைக்கிள் ஒன்று அவனுக்கு வருகிறதாம். சொன்ன விலையிலிருந்து முப்பதாயிரம் குறைத்தும் விட்டார்களாம். "நீதான் ஆறு வருஷமா ஓட்டுறியே, வாங்கலாமா வேணாமா, ஒரே வார்த்தையில சொல்லுடா" என்றான். ஒரே வார்த்தையில் வரவில்லை, அதனால் எழுதுகிறேன். இன்ஜினுக்கு ஸ்பார்க் தரும் மேக்னெட்டோவை மூன்றாவது தடவையாகக் கழற்றி மாட்டிய கை இன்னும் காயவில்லை. கொஞ்சம் காரம் தூக்கலாக இருந்தால் அதுதான் காரணம்.

என்னுடையது 1954 மாடல். 348 சிசி, ஒற்றை சிலிண்டர், பின்னால் பிளஞ்சர் சஸ்பென்ஷன், வலது காலில் கியர், இடது காலில் பிரேக். இதையெல்லாம் விளக்கப் போவதில்லை. பள்ளத்தூர்ப் பக்கம் ஒரு வீட்டைப் பங்கு பிரித்தபோது இரண்டாம் கட்டுக்குள், நெல் மூட்டை அடுக்குக்குப் பின்னால் கிடந்தது. வண்டி என்று சொல்வதே அதிகம். ஒரு சேஸ், ஒரு இன்ஜின், இரண்டு சிமென்ட் சாக்கு நிறையச் சாமான். தேக்குத் தூணுக்கும் நிலைக்கதவுக்கும் அடித்துக்கொண்டிருந்தவர்கள் இதை எடைக்குப் போடப் பார்த்தார்கள். எடையை விடக் கொஞ்சம் கூடக் கொடுத்து நான் வாங்கினேன்.

நம் ஊரில் பி.எஸ்.ஏ என்றால் சைக்கிள். அதுவும் அதே பள்ளத்தூரிலிருந்து போன முருகப்பா குடும்பம் 1949-இல் தொடங்கிய டி.ஐ. சைக்கிள்ஸ் போட்ட சைக்கிள். பெட்ரோல் பங்க்கில் பையன் டேங்க்கைத் தடவிப் பார்த்துவிட்டு, "சைக்கிள் கம்பெனி மோட்டார் சைக்கிளும் போட்டுச்சா அண்ணே?" என்று கேட்பான். டேங்க்கில் இருக்கும் மூன்று துப்பாக்கிகளைக் காட்டி, பர்மிங்ஹாம் ஸ்மால் ஆர்ம்ஸ், துப்பாக்கி செய்தவர்கள் என்று சொல்வேன். அவன் நம்புவதில்லை. ஆறு வருடத்தில் இந்த விளக்கத்துக்கே இரண்டு டேங்க் பெட்ரோல் ஆவியாகியிருக்கும்.

ஸ்பேனர் கதை சின்னது. நம் கையில் இருக்கும் 10-11, 12-13 எதுவும் இதற்கு உட்காராது. பழைய இங்கிலாந்து அளவான விட்வொர்த் வேண்டும். அதில் இன்னொரு கூத்து: ஸ்பேனரில் போட்டிருக்கும் அளவு வாயின் அகலம் இல்லை, போல்ட்டின் கனம். இது தெரியாமல் முதல் மாதம் நான்கு போல்ட்டுத் தலைகளை உருண்டையாக்கினேன். அப்புறம் காரைக்குடி முனீஸ்வரன் கோவில் தெருவில், எனாமல் தூக்குச் சட்டிகளுக்கு நடுவில், ஒரு கடைக்காரர் பழம்பொருள் என்று விற்றுக்கொண்டிருந்த ஸ்பேனர்களில் எனக்கு வேண்டிய ஐந்து கிடைத்தன. பழம்பொருள் விலைதான் கொடுத்தேன்.

வயரிங்குக்கு வருகிறேன். பழைய வயர்களின் நூல் உறை, தொட்டால் அப்பளமாக நொறுங்கியது. ஹெட்லைட்டுக்குள் எலி குடித்தனம் நடத்தியிருந்தது. பழையதைப் பார்த்து அளவெடுக்க வழியில்லை. அதனால் வளவுத் தரையில், ஆத்தங்குடிக் கல் மேல், சாக்பீஸால் வண்டியின் உருவத்தை முழு அளவில் வரைந்தேன். ஹெட்லைட் ஒரு வட்டம், டைனமோ ஒரு வட்டம், பாட்டரி, ரெகுலேட்டர், டெயில் லைட். அதன் மேல் வயரை ஓட்டி, வெட்டி, லக் பத்தவைத்து, நூலால் கட்டினேன். விடியற்காலையில் அப்பத்தா எழுந்து வந்து பார்த்தார்கள். "யாருடா இது நடு வீட்டுல, நேர்கோடே இல்லாம கோலம் போட்டது?" பத்து நாள் அதைத் தாண்டித் தாண்டித்தான் எல்லாரும் நடந்தார்கள். யாரும் அழிக்கவில்லை, அதைச் சொல்ல வேண்டும்.

இதில் இரண்டு விஷயம் பங்காளி குறித்துக்கொள்ளவும். ஒன்று, இது 6 வோல்ட். 30 வாட் பல்புக்கு 12 வோல்ட்டில் இரண்டரை ஆம்பியர் போதும், இதில் 5 ஆம்பியர் ஓடும். கடையில் "பைக் வயர்" என்று கொடுப்பதை வாங்கிப் போட்டால் வெளிச்சத்தில் பாதியை வயரே தின்றுவிடும். கனமான வயர் போடு. இரண்டு, புது பெயின்ட்டு எர்த்தை, அதாவது சேஸ் வழியாகக் கரன்ட் திரும்பும் பாதையை, சாப்பிடும். சேஸுக்குப் பளபளவென்று பெயின்ட் அடித்து, எல்லாம் மாட்டி, சுவிட்சைப் போட்டால் டெயில் லைட் எரியவில்லை. இரண்டு நாள் தேடினேன். போல்ட்டுக்கு அடியில் காசு அகலத்துக்குப் பெயின்ட்டைச் சுரண்டியதும் எரிந்தது.

பாட்டரியின் பாசிட்டிவ்தான் இந்த வண்டியில் பாடிக்கு வரும். தலைகீழ் என்று நினைப்போம். பக்கத்துத் தெருவில், சிக்ரியில் வேலை பார்த்து ஓய்வு பெற்ற ஐயா ஒருவர் இருக்கிறார். அழகப்பச் செட்டியார் கொடுத்த 300 ஏக்கரில் 1948-இல் அடிக்கல் நாட்டிய அதே மின்வேதியியல் ஆய்வகம். அவர் சொன்ன விளக்கம்: ஈரம் பட்டால் பாசிட்டிவ் பக்கத்து உலோகம்தான் முதலில் அரிக்கும். மெல்லிசான செம்பு முனை அரிபடுவதை விட, கனத்த பாடி அதைத் தாங்கிக்கொள்ளட்டும் என்பது அந்தக் காலத்து யோசனை. நன்றாகப் புரிந்தது. ஆனால் நான் ஊரில் இல்லாத ஒரு நாள், சார்ஜ் ஏற்றிய பாட்டரியை மாட்ட வந்த எலெக்ட்ரீஷியனுக்கு இது தெரியவில்லை. கருப்பு வயர்தானே பாடிக்கு என்று மாட்டிவிட்டார். சாயங்காலம் நான் ஸ்டார்ட் செய்து ஆக்ஸிலேட்டரைக் கொஞ்சம் திருகியதும் அம்மீட்டர் முள் ஒரு ஓரத்தில் போய் ஒட்டிக்கொண்டது. ரெகுலேட்டர் பெட்டிக்குள், டைனமோவையும் பாட்டரியையும் சேர்த்துப் பிரிக்கும் கட்-அவுட்டின் பாயின்ட் இரண்டும் பற்றிப் பிடித்து ஒன்றாகிவிட்டன. அவரைக் குறை சொல்லி என்ன செய்ய, ஊரில் ஓடும் மற்ற எல்லா வண்டியும் அப்படித்தானே இருக்கிறது. இப்போது பாட்டரிப் பெட்டி மேல் சிவப்பு பெயின்ட்டில் "சிவப்பே பாடிக்கு" என்று எழுதி வைத்திருக்கிறேன்.

இவ்வளவும் செய்து, மூன்று மாத வேலை முடிந்து, முதல் ஓட்டம் பிள்ளையார்பட்டிக்கு. காரைக்குடியிலிருந்து 12 கிலோமீட்டர் சொச்சம். வண்டி வெண்ணெயாகப் போனது. அர்ச்சனை முடித்து, டயருக்கு எலுமிச்சம்பழம் வைத்து, உதைத்தேன். ஒன்றுமில்லை. நாற்பது உதை. சட்டையைப் பிழிந்தால் ஒரு செம்பு தண்ணீர் வந்திருக்கும். முக்கால் மணி நேரம் நிழலில் உட்கார்ந்துவிட்டு வந்து உதைத்தால் ஒரே உதையில் ஸ்டார்ட். அடுத்த வாரம் குன்றக்குடியிலும் இதே கதை. குளிர்ந்திருந்தால் தங்கம். சூடாக்கி நிறுத்தினால் கல்.

இங்கேதான் என் மடத்தனம். என் வயரிங்கில்தான் கோளாறு என்று முடிவு கட்டி, கட்டிய நூலை எல்லாம் அறுத்து, மறுபடியும் தரையில் வண்டி வரைந்து, முதலிலிருந்து செய்தேன். ஒரு முறை இல்லை, இரண்டு முறை. இந்த வண்டியில் ஸ்பார்க் மேக்னெட்டோவிலிருந்து வருகிறது. பாட்டரியை வீட்டில் வைத்துவிட்டுப் போனாலும் இன்ஜின் ஓடும். நான் மாதக் கணக்கில் பத்தவைத்த ஒரு வயர்கூட ஸ்பார்க் பக்கம் போவதில்லை. இது எனக்குத் தெரியும். தெரிந்தும் செய்தேன். வயரிங் எனக்குப் பிடித்திருந்தது, மேக்னெட்டோவைத் திறக்கப் பயமாக இருந்தது, அவ்வளவுதான்.

மேக்னெட்டோவுக்குள் சுற்றும் ஆர்மேச்சரிலேயே காயிலும் கண்டென்சரும் சேர்ந்து இருக்கின்றன. அந்தக் காலத்துக் கண்டென்சர் வயதானால் சூட்டில் கரன்ட்டைக் கசியவிடும். ஓடும்போது காற்று பட்டுச் சமாளிக்கும். நிறுத்தியதும் இன்ஜின் சூடு மேலேறி அதைப் பிடிக்கும். அப்போது உதைத்தால் மேக்னெட்டோவுக்குள் திறந்து மூடும் பாயின்ட்டில் பொறி பறக்கும், பிளக்குக்கு ஒன்றும் போகாது. இங்கிலாந்துக் குளிரில் இன்னும் பத்து வருடம் தாக்குப்பிடித்திருக்கலாம். நம் மே மாதம் அதற்கு ஒத்துவரவில்லை.

மேக்னெட்டோவை வெளியூரில் ஒருவரிடம் அனுப்பினேன். மரியாதையாகப் பேசினார், சொன்ன தேதியில் திருப்பி அனுப்பினார், காயிலைப் புதிதாகச் சுற்றியிருந்தார். கண்டென்சரை மட்டும் பழையதையே விட்டுவிட்டார். ஏழு மாதம் தாங்கியது. மறுபடி அனுப்பினேன், வேறு ஒரு பழைய கண்டென்சரைப் போட்டுக் கொடுத்தார். ஐந்து மாதம் தாங்கியது. பேச்சில் நூற்றுக்கு நூறு கொடுப்பேன், வேலையைப் பற்றிக் கேட்காதீர்கள்.

மூன்றாவது தடவை நானே திறந்தேன். பழைய கண்டென்சரைத் தனியாகப் பிரித்து, தெரிந்த எலெக்ட்ரீஷியனிடம் கசிவை அளக்கும் மெக்கர் மீட்டர் இரவல் வாங்கி, நிழலில் அளந்தேன். குறையில்லை. அப்புறம் மொட்டை மாடியில், அப்பத்தா காயப்போட்ட கூழ்வற்றலுக்குப் பக்கத்தில், ஒரு தட்டில் வைத்து இரண்டு மணி நேரம் வெயில் காட்டினேன். சுடச்சுட அளந்தால் முள் படுத்துவிட்டது. ஆறு வருடத்துச் சந்தேகம் ஒரு வற்றல் காயும் நேரத்தில் தீர்ந்தது. அரிசியை விடக் கொஞ்சம் பெரிதான புதுக் கண்டென்சர்களைப் பாயின்ட்டுக்குப் பின்னால், பித்தளைத் தகட்டில் பத்தவைத்தேன். செலவு ஒரு பிரியாணி விலை. ஒரு மாதமாக எந்த வெயிலிலும் நிற்கவில்லை.

ஆனாலும் டீக்கடையில் இன்ஜினை அணைக்க மனசு வரமாட்டேன் என்கிறது. ஓடவிட்டே குடிக்கிறேன். டீ மாஸ்டர் பாய்லர் சத்தத்தையும் தாண்டித் திட்டுகிறார்.

எண்ணெய் ஒழுகல் உண்டு. ஆத்தங்குடிக் கல் எண்ணெய் குடித்தால் திருப்பித் தராது. அடியில் பழைய தாம்பாளம் ஒன்று நிரந்தரமாக இருக்கிறது. "வண்டியா வாங்கியிருக்க, செக்கா?" என்று அப்பத்தா முதல் வாரம் கேட்டது, இன்றும் வாரம் ஒரு முறை கேட்கிறார்கள்.

சரி, நல்லதையும் சொல்ல வேண்டும். வயரிங். இந்த வண்டிக்கு எலெக்ட்ரிக் சாமான் செய்த லூகாஸ் என்றாலே இருட்டு என்று உலகமே கேலி செய்யும். மூன்றாவதாகப் போட்ட வயரில் ஐந்து வருடத்தில் ஒரு தகராறு இல்லை, அந்த பாட்டரிச் சம்பவம் தவிர. இரவில் திருமயம் ரோட்டில் வரும்போது அந்த மஞ்சள் வெளிச்சம், நாற்பதுக்கு மேல் போகாதே என்று சொல்லும். நாற்பதில் அந்த இன்ஜின் அடிக்கும் நிதானமான தாளத்துக்கு எதை வேண்டுமானாலும் மன்னிக்கலாம் என்று தோன்றும், அடுத்த நாள் மதியம் வரைக்கும்.

வாங்கலாமா என்றால், வேண்டாம். அதே பேரில் 2024-இல் வந்த கோல்ட் ஸ்டார் 650 அறிமுக விலை 3 லட்சத்துக்குள் இருந்தது. பட்டனை அமுக்கினால் ஸ்டார்ட். நீ மாதத்துக்கு இரண்டு தடவை மதுரைக்குப் போகிறவன், உனக்கு அதுதான் சரி.

இல்லை, பழசுதான் வேண்டும் என்றால், காலையில் பார்க்கப் போகாதே. காலையில் வரச் சொல்பவர் விவரம் தெரிந்தவர். மதியம் இரண்டு மணிக்குப் போ. பதினைந்து கிலோமீட்டர் ஓட்டு. அணைத்துவிட்டு ஒரு டீ குடி, நிதானமாகக் குடி. அப்புறம் உதை. கிளம்பவில்லை என்றால் விலையில் இன்னும் ஒரு முப்பது குறைத்துக் கேட்டுவிட்டு எனக்கு போன் போடு, நான் வாங்கிக்கொள்கிறேன்.