சிக்குன்குனியாவுக்குப் பின் கண் அழற்சி: மதுரையில் ஒரு கண் மருத்துவமனையின் சேவை

சிக்குன்குனியா காய்ச்சல் தணிந்து சில வாரங்கள் ஆன பிறகும் என் தாயாருக்குப் புருவத்தின் மேல் தலைவலி விடாமல் நீடித்ததோடு, வலக்கண் சிவந்து, வெளிச்சம் பட்டாலே கூசி, பார்வையும் மங்கியதால், மதுரையில் கருவிழிப்படல அழற்சிக்கென (யுவைட்டிஸ், கண்ணின் நடுப்படலத்தில் வரும் அழற்சி) தனிப் பிரிவு உள்ள ஒரு கண் மருத்துவமனைக்கு அழைத்துச் சென்றோம்.

இளம் மருத்துவர், கண்ணைப் பெரிதாக்கிக் காட்டும் ஸ்லிட் லாம்ப் கருவியில் நிதானமாகப் பார்த்து, கருவிழியின் உட்புறத்தில் அழற்சி அணுக்கள் பொடிப்பொடியாகப் படிந்திருப்பதைத் திரையில் எங்களுக்கும் காட்டினார். கண் அழுத்தம் வழக்கமாக 10 முதல் 21 மி.மீ. பாதரச அளவு வரை இருக்கும் என்றும், அம்மாவுக்கு அது கூடியிருப்பதே தலைவலிக்கும் காரணம் என்றும் விளக்கினார். அழற்சியைத் தணிக்கும் ஸ்டீராய்டு சொட்டு மருந்தைத் திடீரென நிறுத்தக் கூடாது, அம்மருந்தே சிலருக்கு அழுத்தத்தை உயர்த்தக்கூடும், ஆகவே மறுபரிசோதனைக்குத் தவறாமல் வர வேண்டும் என்று அவர் பொறுமையாகச் சொன்ன விதம் மிகுந்த பாராட்டுக்குரியது.

கட்டணம் நியாயமானது. ஆனால் கண்மணியை விரிக்கும் சொட்டு விட்ட நோயாளிகளை, அதுவும் முதியவர்களை, பளிச்சென்ற டியூப்லைட் வெளிச்சத்தில் நெடுநேரம் உட்கார வைப்பதை நிர்வாகம் அவசியம் மாற்ற வேண்டும். காய்ச்சலுக்குப் பின் கண் சிவந்து பார்வை மங்கினால், வலி மாத்திரையோடு நாளைக் கடத்தாமல் இத்தகைய தனிப் பிரிவை நாடுமாறு உறுதியாகப் பரிந்துரைக்கிறேன்.