பதினோராம் நாள் கணக்கும் கம்மனஹள்ளி டாக்டரும்

எங்கள் சிப்பிப்பாறை இனப் பெட்டை நாயின் பெயர் மின்னு. பெங்களூர் உல்சூரில் மாடி வீட்டில் வளர்கிறாள். போன மாதம் ஐந்து குட்டி போட்டாள். இரண்டு முறை ஏமாந்து, மூன்றாவது முறை பலித்தது. அதற்குக் காரணமான கம்மனஹள்ளி மருத்துவமனையைப் பற்றி எழுதியே ஆக வேண்டும்.

கடுவன் (ஆண் நாய்) இருப்பது சிவகாசிப் பக்கம், என் சித்தப்பா வீட்டில். நல்ல வரத்து, எங்கள் மின்னுவோடு ரத்த உறவு இல்லாதது. இங்கே பெங்களூரில் கிடைத்த இரண்டு கடுவன்களும் அவளுக்கு அண்ணன் தம்பி முறை, அதனால் வேண்டாம் என்று விட்டோம். "ரத்தம் காட்டிய பதினோராம் நாள் கொண்டு வாம்மா" என்பார் சித்தப்பா. கிட்டத்தட்ட 500 கிலோமீட்டர். முதல் முறை கடுவனைப் பக்கத்திலேயே விடவில்லை. அடுத்த ஹீட்டில் (பருவத்தில்) பன்னிரண்டாம் நாள் சேர்ந்தாள், ஆனால் சினை நிற்கவில்லை. மாடு என்றால் 21 நாளில் மறுபடி பருவத்துக்கு வந்துவிடும். நாய்க்கு ஆறேழு மாதம் காத்திருக்க வேண்டும்.

அப்போதுதான் உறைவிந்து, அதாவது உறைய வைத்த விந்தைச் செலுத்தும் யோசனை வந்தது. ஊரில் அம்மாச்சி மாட்டுக்குச் சினை ஊசி போட வருபவர் நைட்ரஜன் குடுவையிலிருந்து விந்து அடைத்த குச்சியை எடுத்து, வெந்நீரில் காட்டி, ஐந்து நிமிடத்தில் முடித்துவிட்டுப் போவார். நாய்க்கும் அப்படித்தான் என்று நினைத்துக்கொண்டு போனேன்.

டாக்டர் அரை மணி நேரம் உட்கார்ந்து பேசினார். இந்த மருத்துவமனைக்கு நான் முழு மதிப்பெண் கொடுப்பது அந்த அரை மணிக்குத்தான். நாயில் செயற்கைக் கருவூட்டல் புதிது இல்லையாம். 1780-லேயே இத்தாலியில் ஸ்பல்லான்சானி என்பவர் ஒரு பெட்டைக்குச் செய்து, 62 நாளில் மூன்று குட்டி பிறந்திருக்கிறது. உறைவிந்தில் குட்டி பிறந்தது 1969-ல். முட்டை மஞ்சள் கருவும் கிளிசராலும் கலந்த கரைசலில் விந்தைச் சேர்த்து, மைனஸ் 196 டிகிரியில் வைத்தால் வருஷக்கணக்கில் இருக்கும். ஆனால் உருக்கிய பிறகுதான் சிக்கல். நேரடியாகச் சேர்ந்தால் பெட்டையின் உடலுக்குள் விந்தணு ஐந்தாறு நாள் கூடத் தாங்கும். உறைந்து உருகியது ஒரு நாள் தாங்கினாலே அதிகம்.

அப்புறம், மாட்டுக்குக் கையை உள்ளே விட்டுக் கருப்பை வாயைப் பிடித்துக்கொள்ளலாம், நாய்க்கு முடியாது. எண்டோஸ்கோப் வைத்துப் பார்த்து, அந்த வாயைத் தாண்டிக் கருப்பைக்குள்ளேயே விட வேண்டும். நாயின் கருமுட்டை வெளியே வந்தவுடன் தயாராகவும் இருப்பதில்லை, முதிர இன்னும் இரண்டு மூன்று நாள் ஆகும். எனக்கு இது எதுவுமே தெரியாது.

"உங்கள் கடுவன் உயிரோடு, ஆரோக்கியமாக இருக்கிறான். ஒரு ராத்திரிப் பயணத் தூரம். இவளுக்குத் தப்பியது நாள் கணக்கு. அதைச் சரி பண்ணாமல் உறைவிந்து போட்டால் அதுவும் வீணாகும்" என்றார். பெரிய பில் போடும் வாய்ப்பைத் தானே வேண்டாம் என்று சொன்ன டாக்டரை எனக்குப் பிடித்துப்போனது.

அடுத்த ஹீட்டில் புரோஜெஸ்ட்டிரோன் ரத்தப் பரிசோதனை ஆரம்பித்தோம். முட்டை இறங்கும் சமயத்தில் ரத்தத்தில் ஏறும் ஹார்மோன் அது. எட்டாம் நாள் 0.5, பன்னிரண்டாம் நாள் 0.9. சித்தப்பா கணக்குப்படி அதற்குள் ஊருக்குப் போயிருக்க வேண்டும், அவளுக்கோ இன்னும் ஒன்றுமே தொடங்கவில்லை. பதினாலாம் நாள் 2.3. ஏற ஆரம்பித்துவிட்டது, இன்னும் இரண்டு நாளில் முட்டை இறங்கும் என்றார். பதினேழாம் நாள் 5.6. இறங்கியாகிவிட்டது. மறுநாள் இரவே காரில் கிளம்பினோம். பத்தொன்பதாம் நாளும் இருபத்தோராம் நாளும் சேர்த்தோம். முதல் நாள் இருவரும் இருபது நிமிடம் பூட்டிக்கொண்டு நின்றார்கள். சித்தப்பா கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டே நின்றார், ஒரு வார்த்தை பேசவில்லை. சேர்த்த பிறகு 28-ஆம் நாள் ஸ்கேனில் நான்கு இதயத் துடிப்பு தெரிந்தது, பிறந்தது ஐந்து. முட்டை இறங்கியதிலிருந்து எண்ணி 62-ஆம் நாள், விடியற்காலை.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். கிளம்பும் முன் மின்னுவுக்கும், ஊரில் அந்தக் கடுவனுக்கும் புரூசெல்லா பரிசோதனை எடுக்காமல் டாக்டர் விடவில்லை. கருச்சிதைவை உண்டாக்கும் நோய், மனிதருக்கும் தொற்றக்கூடியது. உறைய வைத்தாலும் அந்தக் கிருமி சாகாதாம். ஊர்ப்பக்கம் யாரும் இதைக் கேட்பதில்லை. தயவுசெய்து கேளுங்கள்.

குறைகளும் உண்டு. ஒரு பரிசோதனைக்கு 1,500 ரூபாய், நான்கு முறை ஆனது, அது எனக்குப் பெரிய தொகை. இரண்டு மணி நேரத்தில் ரிசல்ட் என்றார்கள், ஒரு நாள் சாயங்காலம் வரை காக்க வைத்தார்கள். ஞாயிற்றுக்கிழமை லேப் கிடையாது. பதினாறாம் நாள் எடுக்க வேண்டியது அதனால்தான் பதினேழுக்குப் போனது. நேரடிச் சேர்க்கை என்பதால் தப்பித்தோம், உறைவிந்துக்கு வருபவர்களுக்கு அந்த ஒரு நாள் பெரிய நாள். வேறு லேப்பில் எடுத்துக்கொள்ளட்டுமா என்றதற்கு, இயந்திரம் மாறினால் எண்ணும் மாறும், ஒரே இடத்தில் எடுத்தால்தான் ஒப்பிட முடியும் என்றார்கள். அப்படியென்றால் ஞாயிறும் திறந்து வைப்பதுதான் முறை, நேரிலேயே சொல்லிவிட்டு வந்திருக்கிறேன்.

போகிறவர்கள் ரத்தம் காட்டிய முதல் நாளைக் கட்டாயம் குறித்து வையுங்கள், ஒரு வாரத்துக்குள் முதல் பரிசோதனைக்குப் போய்விடுங்கள். காலை ஒன்பதுக்கு முன் போனால் வண்டி நிறுத்த இடம் கிடைக்கும். குட்டிகளில் ஒரு பெட்டையைச் சித்தப்பாவுக்குக் கொடுக்கிறோம். அவள் முதல் ஹீட்டிலிருந்தே தேதி எழுதி வைக்க அவர் ஒரு நோட்டு வாங்கி வைத்திருக்கிறார்.