ராஜிந்தர் நகர் ஜெராக்ஸ் நோட்ஸ், 380 ரூபா, நாலு பக்கம் காணோம்

ஐஏஎஸ் பரீட்சைக்கு ஹிஸ்டரிய விருப்பப் பாடமா (ஆப்ஷனல்) எடுத்துட்டு கோச்சிங்குக்கு டெல்லிக்கு வர்ற நம்மூர் பசங்க பாதி பேரு வேர்ல்ட் ஹிஸ்டரிக்கு எந்த நோட்ஸ் வாங்கலாம்னு கேக்கறீங்க, அதான் எழுதறேன். ஓல்ட் ராஜிந்தர் நகர்ல ஒரு ஜெராக்ஸ் கடையில, பேரு வேணாம், கையெழுத்து நோட்ஸ் வாங்கினேன், ஸ்பைரல் பைண்டிங். டாப்பரோடதாம். அந்த தெருவுல டாப்பர் எழுதாத நோட்ஸே கிடையாது.

முதல்ல திட்டிடறேன். 61ம் பக்கம் முடிஞ்சா நேரா 66. திரும்பப் போய் கேட்டா எல்லா காப்பியும் இப்படித்தான் பையான்னுட்டாரு. போனது என்னன்னா அமெரிக்காவுல குடிக்கு எதிரா நடந்த இயக்கம், 1851ல மெய்ன் மாநிலம் மதுவிலக்கு கொண்டு வந்துச்சுங்கற ஒரு வரி மட்டும் 66ம் பக்கத்து தலையில தொங்குது. சரி, மதுவிலக்க பத்தி தமிழ்நாட்டுக்காரனுக்கு யாராவது சொல்லித் தரணுமான்னு விட்டுட்டேன்.

ஆனா அமெரிக்காவுல லோவெல்ங்கற ஊரு துணி மில்லுங்க பத்தின பகுதி இருக்கே, அதுக்கே 380 குடுக்கலாம். எங்கம்மா திருப்பூர்ல பனியன் கம்பெனியில செக்கிங், ஒன்றரை ஷிப்ட் பாத்துட்டு வந்து கால நீட்டி உக்காரும், அதனால எனக்கு இது பாடமா படிக்கவே வரல. மாசசூசெட்ஸ்ல பண்ணை வீட்டுப் பொண்ணுங்க மணி அடிச்சா மில்லுக்குள்ள போகணும், 12, 13 மணி நேரம் வேலை, ராத்திரி 10 மணிக்கு விடுதி கதவு சாத்திடும், ஞாயித்துக்கெழம சர்ச்சுக்கு போயே ஆகணும். அப்படியே நம்ம நூல் மில்லு ஹாஸ்டல். 1834ல கூலிய குறைச்சதும் வேலைய போட்டுட்டு வெளிய வந்துட்டாங்க, 1836ல விடுதிக்கு பிடிக்கிற காச ஏத்தினதும் மறுபடி. அப்புறம் மில்லுல வேலை பாத்த சாரா பேக்லி மாதிரி ஆளுங்க சங்கம் கட்டி 10 மணி நேர வேலை கேட்டு கையெழுத்து வாங்கி, 1845ல சட்டசபை கமிட்டி முன்னாடி போயே சொன்னாங்க. கமிட்டி எல்லாத்தையும் கேட்டுக்கிட்டு இது எங்க வேலை இல்லன்னு அனுப்பிருச்சு. பெண்களுக்கு அந்த 10 மணி நேர சட்டம் வந்தது 1874ல.

எழுதின ஆளு இங்க ஒரு அம்புக்குறி படம் போட்டிருக்காரு பாருங்க, தெற்குல அடிமைங்க பறிக்கிற பருத்தி லோவெல்லுக்கு வருது, அங்க நெய்யுற முரட்டுத்துணி திரும்ப அடிமைங்க உடுத்தறதுக்கே போகுது. ஒரே படத்துல தொழிலாளர் இயக்கம், அடிமை ஒழிப்பு இயக்கம் ரெண்டும் புரிஞ்சுடுச்சு. அடிமை ஒழிப்புக்காக 1840ல லண்டன் மாநாட்டுக்குப் போன பெண்கள ஓரமா உக்கார வச்சதையும், 1848ல அமெரிக்காவுல செனிக்கா ஃபால்ஸ்ல நடந்த பெண்ணுரிமை மாநாட்டு அறிக்கையில 68 பெண்களும் 32 ஆண்களும் கையெழுத்து போட்டதையும் அதே மாதிரி கோத்திருக்காரு. அங்க பெண்களுக்கு நாடு முழுக்க ஓட்டு 1920ல, நம்ம மெட்ராஸ் மாகாணத்துல சொத்து இருக்கற பெண்களுக்கு 1921ல, இத அவரு எழுதல, நான் ஓரத்துல எழுதி வச்சுக்கிட்டேன்.

ஒரு தப்பு இருக்கு, வாங்கினா திருத்திக்கோங்க. அடிமை ஒழிப்புக்காக எழுதின காரிசனோட லிபரேட்டர் பத்திரிகை 1833ன்னு போட்டிருக்கு, அது 1831. 1833 அமெரிக்க அடிமை எதிர்ப்பு சங்கம் ஆரம்பிச்ச வருஷம். பள்ளிக்கூட சீர்திருத்தம், ஹொரேஸ் மான் எல்லாம் அரைப் பக்கத்துல முடிஞ்சுடுது, அதுக்கு வேற புக் பாருங்க.

அஞ்சுக்கு மூணரை. காசு குடுக்கறதுக்கு முன்னாடி கடையிலயே நின்னு பக்கத்த எண்ணுங்க. 62லேர்ந்து 65 வரைக்கும் யார்கிட்டயாவது இருந்தா சொல்லுங்க, டீ நம்ம செலவு.