சென்னை ஆஸ்பத்திரியில் அம்மாவோடு: சிஸ்டர்கள் பேசிய விதம்

இங்கிலாந்தின் லீட்ஸிலிருந்து இந்த முறை சென்னைக்கு வந்தது அம்மாவின் கால் புண்ணுக்காக. சர்க்கரையால் வந்த புண், ஆறாமல் இழுத்துக்கொண்டே போய், கடைசியில் ஒரு தனியார் மருத்துவமனையில் சேர்க்க வேண்டியதாகிவிட்டது. சிகிச்சையில் குறை சொல்ல மாட்டேன். காலில் இரத்த ஓட்டம் பார்க்கும் டாப்ளர் ஸ்கேன் சேர்ந்த அன்றே முடிந்தது, சாயங்காலமே சர்ஜன் வந்து பார்த்துவிட்டார். இந்த வேகம் நான் இருக்கும் ஊரில் கிடைக்காது. நான் எழுத நினைத்தது வேறு விஷயம், நர்ஸ்கள் அம்மாவிடம் பேசிய விதம்.

முதலில் வந்தவர்கள் அம்மாவிடம் பேசவே இல்லை. "பேஷண்ட் சாப்பிட்டாங்களா? மோஷன் போனாங்களா?" எல்லாமே அண்ணியிடம்தான். அம்மா கணக்கு டீச்சராக இருந்து ஓய்வு பெற்றவர், நினைவில் ஒரு பிசகும் கிடையாது, பக்கத்திலேயே கண்ணைத் திறந்துகொண்டு படுத்திருக்கிறார். ஒரு வார்த்தை சொல்லாமல் கையைத் தூக்கி பிபி பார்ப்பது, சொல்லாமல் டிரெஸ்ஸிங்கைப் பிரிப்பது. காய்ந்து ஒட்டிய பஞ்சை இழுத்தபோது அம்மா கட்டில் கம்பியைப் பிடித்துக்கொண்டார், சத்தம் வரவில்லை.

யார்க்‌ஷயரைச் சேர்ந்த கேட் கிரேஞ்சர் என்ற டாக்டர், தானே புற்றுநோய் நோயாளியாகப் படுத்திருந்தபோது, தன்னைப் பார்க்க வந்தவர்களில் பலர் பெயரைக்கூடச் சொல்லவில்லை என்று 2013-ல் ஓர் இயக்கமே தொடங்கினார். "ஹலோ, என் பெயர் இன்னது" என்று சொல்லிவிட்டு வேலையை ஆரம்பியுங்கள், அவ்வளவுதான் அவர் கேட்டது. அவர் 2016-ல் இறந்துவிட்டார், ஆனால் அந்த வாசகம் எழுதிய பேட்ஜை நான் இங்கிலாந்தில் இன்றும் பார்க்கிறேன்.

அம்மாவிடம் பெயரைச் சொல்லிவிட்டு வேலையைத் தொடங்கிய ஒரே ஆள் மணிப்பூரிலிருந்து வந்த ஒரு சின்னப் பெண். தமிழ் அரைகுறைதான். "அம்மா, தண்ணி ஊத்தறேன், ஊறட்டும், அப்புறம் எடுக்கறேன். வலி வந்தா கை தூக்கு, நிறுத்தறேன்." சலைனை ஊற்றி ஊறவைத்து, ஒரு ஓரத்திலிருந்து மெதுவாக உரித்தார். அம்மா நடுவில் ஒருமுறை கையைத் தூக்கினார், அந்தப் பெண்ணும் சொன்னபடியே நிறுத்தினார். மரியாதை விகுதிக்காக எல்லோரையும் திருத்தும் அம்மா அந்த "தூக்கு"வைக் கண்டுகொள்ளவே இல்லை.

இதைவிடப் பெரிய விஷயம் பயம். அண்ணன் சேர்த்த அன்றே, "அம்மாகிட்ட எதையும் சொல்லாதீங்க சிஸ்டர்" என்று சொல்லி வைத்திருந்தான். நம் வீடுகளில் அதுதானே வழக்கம்? அதனால் அம்மா "காலை எடுத்துடுவாங்களா?" என்று கேட்கும்போதெல்லாம் "ஒண்ணும் ஆகாதும்மா, கவலைப்படாதீங்க" என்ற பதிலே வந்தது. அன்பாகத்தான் சொல்கிறார்கள், ஆனால் அதற்குமேல் அம்மா வாயே திறக்க முடியாது. இரவு டியூட்டிக்கு வந்த மூத்த சிஸ்டர் மட்டும் ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, "ஏம்மா அப்படித் தோணுது?" என்று கேட்டுவிட்டுப் பேசாமல் காத்திருந்தார். கொஞ்ச நேரம் கழித்து அம்மா, பெரியம்மாவுக்குக் காலை எடுத்த கதையை முழுசாகச் சொன்னார். எங்கள் யாரிடமும் இந்தப் பயத்தை அவர் சொன்னதில்லை. "காலையில டாக்டர் ரவுண்ட்ஸ் வரும்போது நீங்களே கேளுங்க, நானும் நிக்கறேன்" என்றார் சிஸ்டர். மறுநாள் டியூட்டி முடிந்தும் போகாமல் நின்றார். இரத்த ஓட்டம் நன்றாக இருக்கிறது, ஒரு விரல் நுனிக்குத்தான் ஆபத்து என்று டாக்டர் அம்மாவின் முகத்தைப் பார்த்தே சொன்னார். அன்று அம்மா நன்றாகத் தூங்கினார்.

அவசரத்தில் ஓடுகிற மற்றவர்கள்மேல் எனக்குக் கோபம் இல்லை. ஜெனரல் ஹாஸ்பிட்டல் என்றால் ஐந்து நோயாளிக்கு ஒரு நர்ஸ் என்பது இந்திய நர்சிங் கவுன்சிலின் அளவுகோல். எங்கள் தளத்தில் இரவில் கண்ணில் பட்டதோ இரண்டே பேர், அதிலும் பாதி நேரம் ஃபைல் எழுதுவதில் போகிறது. நிர்வாகம்தான் இதற்குப் பதில் சொல்ல வேண்டும்.

ஊருக்கு வருகிறவர்கள் ஒன்று செய்யலாம். டிஸ்சார்ஜ் அன்று பில் செட்டில் ஆக எப்படியும் மணிக்கணக்கில் உட்கார வேண்டும், அந்த நேரத்தில் சிஸ்டரைக் கூப்பிட்டு மருந்து விவரத்தை நோயாளியிடமே சொல்லச் சொல்லுங்கள், பிறகு நோயாளியைத் திருப்பிச் சொல்லச் சொல்லுங்கள். அதே மூத்த சிஸ்டர் அம்மாவிடம் "இப்ப நீங்க எனக்குப் பாடம் எடுங்க டீச்சர்" என்றார். அம்மா இன்சுலின் பேனாவைக் கையில் வாங்கி, ஒரே இடத்தில் குத்தக்கூடாது, அழுத்திய பிறகு பத்து எண்ணும் வரை ஊசியை எடுக்கக்கூடாது, கை நடுங்கி வியர்த்தால் மூன்று டீஸ்பூன் சர்க்கரையைத் தண்ணீரில் கரைத்துக் குடித்துவிட்டு 15 நிமிடம் கழித்து மறுபடி சுகர் பார்க்க வேண்டும் என்று வரிசையாகச் சொன்னார். ஊசியை எப்போது போடுவது என்பதில் மட்டும் தடுமாறினார். சாப்பாட்டுக்கு அரை மணி நேரம் முன்னால் என்று சிஸ்டர் சொல்லிக்கொடுத்து, இன்னொரு தடவை முதலிலிருந்து சொல்ல வைத்துவிட்டுத்தான் ஃபைலில் கையெழுத்துப் போட்டார்.