மலிவு விலை விமான கிட்டுகள்: கம்பெனியை விடுங்கள், அச்சின் வயதைப் பாருங்கள்

"ஆயிரம், ஆயிரத்தைந்நூறு ரூபாய்க்கு எந்தக் கம்பெனி கிட் வாங்கலாம்?" பிளாஸ்டிக் விமானம் ஒட்ட ஆசைப்படுபவர்கள் எல்லோரும் முதலில் இதைத்தான் கேட்கிறார்கள். பல வருடங்களாக 1/72 அளவில் (நிஜ விமானத்தில் எழுபத்திரண்டில் ஒரு பங்கு), பெரும்பாலும் மலிவு கிட்டுகளாகவே வாங்கி ஒட்டிவருகிறேன். இந்தக் கேள்விக்குக் கம்பெனி பெயரைச் சொல்லிப் பதில் தர முடியாது என்பதுதான் என் அனுபவம். பெட்டியும் விலையும் கிட்டத்தட்ட ஒரே மாதிரி இருக்கும். ஆனால் ஒன்றில் தாத்தா காலத்து அச்சில் ஊற்றிய பிளாஸ்டிக் இருக்கும், இன்னொன்றில் கம்ப்யூட்டரில் வரைந்து வெட்டிய புது அச்சு இருக்கும். மேலே உள்ள ஓவியம் இரண்டிலும் பிரமாதமாகத்தான் இருக்கும்.

ஏர்ஃபிக்ஸ் கம்பெனியையே எடுத்துக்கொள்ளுங்கள். ஸ்பிட்ஃபயர் போர் விமானத்துக்கு அவர்களுடைய முதல் கிட் 1953இல் வந்தது. 1979இல் அந்த விமானத்தின் மார்க் 1 வகைக்கு என்று ஓர் அச்சு போட்டார்கள். அதே மார்க் 1க்கு 2010இல் மறுபடியும் புது அச்சு. கடைக்காரருக்கு எல்லாமே "ஏர்ஃபிக்ஸ் ஸ்பிட்ஃபயர்"தான். வாங்கி ஒட்டுகிறவருக்கோ ஒவ்வொன்றும் வேறு வேறு உலகம். அதனால் காசு கொடுப்பதற்கு முன் ஸ்கேல்மேட்ஸ் தளத்தில் கிட்டின் எண்ணைப் போட்டுத் தேடிவிடுவேன். அந்த அச்சு முதலில் எந்த வருடம் வந்தது, பிறகு யார் யார் பெட்டியில் எல்லாம் போனது என்ற வரலாறு முழுக்க அங்கே இருக்கும். 'புதுப் பெட்டி', 'புது டெக்கால்' (தண்ணீரில் நனைத்து ஒட்டும் சின்னங்கள், எண்கள்) என்று போட்டிருந்தால் உள்ளே இருப்பது பழைய பிளாஸ்டிக் என்று அர்த்தம். 'புது அச்சு' என்று இருந்தால் மட்டும் கொஞ்சம் நிமிர்ந்து உட்காரலாம்.

அச்சுகள் கைமாறவும் செய்யும். 1973 முதல் இரண்டு மூன்று நிறப் பிளாஸ்டிக்கில் கிட்டுகள் விட்ட மேட்ச்பாக்ஸின் அச்சுகள் பிற்பாடு ரெவெல் கம்பெனி கைக்குப் போயின. விமானத்தின் தகடுகள் சேரும் இடங்களைக் காட்டும் பேனல் கோடுகள் மேட்ச்பாக்ஸில் எவ்வளவு ஆழம் என்பது பிரசித்தம். அதை வெட்டிய ஆள் முன்பு பதுங்குகுழி தோண்டிக்கொண்டிருந்தவர் என்று மாடல் ஒட்டுகிறவர்களிடம் ஒரு பழைய கிண்டலே உண்டு. ரெவெல் பெட்டிக்குள் ஹாசெகாவா அச்சும் வந்திருக்கிறது, இட்டலேரி அச்சும் வந்திருக்கிறது. பெட்டியில் உள்ள பெயர் விற்பவரின் பெயர், அவ்வளவுதான்.

பழைய அச்சு என்றால் ஏன் இவ்வளவு பயப்பட வேண்டும்? காரணம் உலோகத்தில் இருக்கிறது. அச்சின் உட்புறத்தில் ஒரு கோடு கீறினால் பிளாஸ்டிக்கில் அது மேடாக வரும். அந்தக் காலத்தில் அதுதான் சுலபம். ஆகவே அறுபது, எழுபதுகளின் கிட்டுகளில் பேனல் கோடுகளும் ரிவெட்டுகளும் துருத்திக்கொண்டிருக்கும். பள்ளக் கோடு வேண்டுமென்றால் அச்சில் அந்த இடத்தை மட்டும் மேடாக விட்டு மற்றதைக் குடைய வேண்டும், அது செலவு பிடிக்கிற வேலை. மேட்டுக் கோட்டில் உள்ள சிக்கல், உடலின் இரண்டு பாதிகளையும் ஒட்டி, இணைப்பை உப்புத்தாள் போட்டுத் தேய்க்கும்போதுதான் தெரியும். இணைப்போடு கோடும் சேர்ந்து போய்விடும். திரும்பக் கீற வேண்டும், இல்லையென்றால் அந்த இடம் மொட்டையாக நிற்கும்.

பெட்டியைத் திறந்ததும் நான் முதலில் எடுப்பது இறக்கையைத்தான். பின் விளிம்பை டியூப் லைட்டுக்கு நேராகப் பிடித்து நகத்தால் தடவிப் பார்ப்பேன். 1/72இல் ஒரு மில்லிமீட்டர் என்பது நிஜத்தில் 7.2 சென்டிமீட்டர். பின் விளிம்பு ஒரு மில்லிமீட்டர் தடிமன் இருந்தால், அந்த விமானத்தின் இறக்கை நிஜத்தில் ஏழு சென்டிமீட்டர் கனத்தில் மொட்டையாக முடிகிறது என்று பொருள். ஸ்பிட்ஃபயரின் இறக்கை அகலம் 11.23 மீட்டர், மாடலில் பதினைந்தரை சென்டிமீட்டர் சொச்சம். இவ்வளவு சின்னப் பொருளில் தடித்த விளிம்பு ஒன்றே போதும், பொம்மை மாதிரி ஆக்கிவிடும். மெல்லியதாக இருந்தால் அச்சு போட்டவர் கவலைப்பட்டிருக்கிறார் என்று எடுத்துக்கொள்வேன்.

அடுத்து ஓரங்களில் ஃபிளாஷ். அச்சின் இரண்டு பாதிகளும் தேய்ந்து சரியாக மூடாதபோது பிளாஸ்டிக் கசிந்து மெல்லிய சவ்வு போல நிற்பதுதான் ஃபிளாஷ். பிளேடில் சீவினால் போய்விடும் என்பதால் சக்கரத்திலும் உடலிலும் இருந்தால் எனக்குக் கவலையில்லை. மெல்லிய தண்டுகளிலும் ஆண்டெனாவிலும் இருந்தால்தான் கடுப்பு, அங்கே எது பாகம் எது சவ்வு என்றே தெரியாது. சிங்க் மார்க் வேறு வகை. பிளாஸ்டிக் கனமாக உள்ள இடம் மெதுவாக ஆறிச் சுருங்குவதால் மேல்பரப்பு குழிந்துவிடும். இறக்கை வேர்ப் பகுதியிலும், உள்ளே முளை இருக்கும் இடங்களுக்கு நேர் வெளியிலும் தேடினால் கிடைக்கும். பாகத்தை அச்சிலிருந்து தள்ளும் ஊசிகளின் வட்டத் தழும்பும் இருக்கும். அது உட்புறம் இருந்தால் விட்டுவிடலாம். சக்கரக் கதவின் உள்பக்கத்தில் இருந்தால் நிரப்பியே ஆக வேண்டும், மாடலைக் கையில் எடுக்கும் எவரும் முதலில் அதைத் திருப்பித்தான் பார்ப்பார்.

இதெல்லாம் கண்ணுக்குத் தெரிகிற குறைகள். ஒரு கிட்டின் உண்மையான விலை பாகங்கள் ஒன்றோடொன்று எப்படிப் பொருந்துகின்றன என்பதில் இருக்கிறது. அது பெட்டியைத் திறந்தால் தெரியாது, பசை இல்லாமல் சேர்த்துப் பிடித்துப் பார்த்தால்தான் தெரியும்.

என்னிடம் ஒரு ஐரோப்பியப் பெட்டி இருந்தது, கம்பெனி பெயர் வேண்டாம். இரட்டை இஞ்சின் குண்டுவீச்சு விமானம், அளவுக்குப் பார்த்தால் கொள்ளை மலிவு. இறக்கையை உடலோடு சேர்த்தால் மேல்பக்கம் ஒரு விசிட்டிங் கார்டு தாராளமாக நுழையும். கீழே இடைவெளி இல்லை, பதிலாக ஒரு படிக்கட்டு. இஞ்சின் கூடுகள் இரண்டும் இரண்டு அளவு. அதற்கு வண்டி பெயின்ட் கடையில் என்சி பட்டி டியூப் வாங்கி, மெல்லியதாகப் பூசி, காயவிட்டு, வாட்டர் பேப்பரில் தேய்த்து, பிரைமர் அடித்துப் பார்த்து, மறுபடி பட்டி. இந்தச் சுற்று முடிவதற்குள் அதே மேசையில் இரண்டு சின்னப் போர் விமானங்களை முடித்திருக்கலாம். சரி, முடித்தேன், நன்றாகத்தான் இருந்தது. ஒரு வருடம் போனதும் ஷெல்ஃபில் பார்த்தால் இறக்கை வேரில் பெயின்டுக்கு அடியில் அந்தக் கோடு மறுபடி தலை காட்டியிருந்தது. பட்டி சுருங்கிக்கொண்டே வரும், கோயம்புத்தூர் வெயிலில் அலமாரி அறை சூடேறி ஆறும்போது இன்னும் வேகமாக. ஒட்டி முடித்த வாரத்தில் எடுத்த போட்டோவை வைத்து ஒரு மலிவு கிட்டை மெச்சுகிறவர்களை நான் அவ்வளவாக நம்புவதில்லை.

பெரிய இடைவெளிக்கு இப்போது பட்டியைவிட, அதே கிட்டின் மிச்ச ஸ்ப்ரூவை (பாகங்களைத் தாங்கி வரும் பிளாஸ்டிக் சட்டம்) துண்டாக்கி மாடல் பசையில் ஊறவைத்த கூழைத்தான் பயன்படுத்துகிறேன். மாடல் பசை ஒட்டுவதில்லை, பாலிஸ்டைரீனைக் கரைத்து ஒன்றாக்குகிறது. அதனால் கூழும் இறக்கையும் ஒரே பிளாஸ்டிக் ஆகிவிடும். முழுதாகக் காய வாரக் கணக்கில் ஆகும், அந்தப் பொறுமை மட்டும் வேண்டும். செலவு என்று பார்த்தால் பசையின் விலைதான்.

ஹாபி பாஸ் கம்பெனியின் 'ஈஸி அசெம்ப்ளி' வரிசையைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் அனுபவசாலிகள் இதை ஏளனமாகப் பேசுவார்கள். இறக்கையும் அடி உடலும் ஒரே துண்டு, மேல் உடல் ஒரு துண்டு. இரண்டையும் சேர்த்தால் பட்டென்று உட்காரும். கோடுகள் மெல்லிய பள்ளக் கோடுகள். காக்பிட் மட்டும் பெயரளவுக்கு இருக்கும், அது விலையைக் குறைப்பதற்காகவே அப்படி வடிவமைத்தது. ஹெல்கேட்டும் தண்டர்போல்ட்டும் ஒட்டினேன். கேனப்பியை (விமானியின் மேலுள்ள கண்ணாடி மூடி) மூடி வைத்துவிட்டால் உள்ளே இருக்கை பட்டை இல்லை என்பதை யாரும் கேட்டதில்லை. வருடங்கள் போயும் இணைப்பு எங்கும் விரியவில்லை, விரிய இணைப்பே அதிகம் கிடையாது. பிரஷ்ஷோ ஏர்பிரஷ்ஷோ பழகுபவருக்கு இதைவிட நல்ல வழி எனக்குத் தெரியவில்லை. ஒட்டுவதில்தான் சுகம் என்பவருக்கு ஒரு சாயங்காலத்தில் வேலை தீர்ந்துவிடும், அதுதான் இதன் குறை.

காசுக்கு அதிகம் திருப்பித் தந்தவை என்று கேட்டால், 2010 முதல் புது அச்சில் வந்த ஏர்ஃபிக்ஸின் சின்ன 1/72 கிட்டுகள். மேலே சொன்ன ஸ்பிட்ஃபயர், அதற்கு எதிராளி பிஎஃப் 109இ, ஜப்பானிய ஜீரோ. பாகங்கள் குறைவு, காக்பிட்டில் பார்க்க ஏதோ இருக்கிறது, இறக்கை தானாகவே சரியான கோணத்தில் உட்காரும். அந்த வருடங்களில் வந்த பெட்டிகள் பலவற்றின் ஓரத்தில் 'இந்தியாவில் தயாரிக்கப்பட்டது' என்று அச்சிட்டிருக்கும். நம் ஊரில் ஊற்றிய பிளாஸ்டிக்கை இறக்குமதிச் சரக்கின் விலையில் வாங்குவது ஒரு கூத்து. விலை ஏறியதற்கு ஒரு காரணமும் உண்டு. பொம்மைகளுக்கான சுங்க வரி 2020இல் 20 சதவீதத்திலிருந்து 60 ஆகி, 2023இல் 70 ஆனது. ஸ்கேல் மாடல்களும் சுங்கப் பட்டியலில் அதே 9503 தலைப்பில்தான் வருகின்றன. வெளிநாட்டுக்காரர் எழுதும் 'பாக்கெட் மணி கிட்' என்ற மதிப்பீட்டை அப்படியே நமக்கு எடுத்துக்கொள்ள முடியாது. ஐந்நூறு ரூபாயில் பொறுத்துக்கொள்ளும் குறையை ஆயிரத்து முந்நூறில் எதற்குப் பொறுத்துக்கொள்ள வேண்டும்?

அப்புறம், நல்ல கிட்டாகவே இருந்தாலும் நமக்கு வேண்டிய விமானமா என்று பார்க்க வேண்டும். இங்கே பலர் நாட் விமானத்தைத் தேடுவார்கள். 1971இல் ஸ்ரீநகர் மேல் நாட் ஓட்டிப் போரிட்டு உயிர் விட்ட, விமானப்படையின் ஒரே பரம்வீர் சக்ரா விருதாளரான நிர்மல்ஜித் சிங் சேகோன் 18ஆம் ஸ்குவாட்ரனைச் சேர்ந்தவர். அந்த ஸ்குவாட்ரன் 2020இல் தேஜஸோடு மறுபடி தொடங்கப்பட்டது எங்கள் சூலூரில். ஆனால் ஏர்ஃபிக்ஸின் 1/72 நாட் இங்கிலாந்தின் இரட்டை இருக்கைப் பயிற்சி விமானம், சேகோன் ஓட்டியது ஒற்றை இருக்கை. மூவர்ண வட்ட டெக்கால் ஒட்டினால் மட்டும் அது இந்திய நாட் ஆகிவிடாது.

டெக்கால் பற்றி ரொம்பச் சொல்ல வேண்டியதில்லை. ஒரு நிறம் நகர்ந்து அச்சாகியிருக்கிறதா என்று வட்டங்களைப் பார்த்தால் போதும், வெள்ளை ஒரு பக்கம் தடித்து இன்னொரு பக்கம் மெலிந்திருந்தால் நகர்ந்திருக்கிறது. நாள்பட்டு மஞ்சளான தாளை ஜிப்லாக் கவரில் போட்டு வெயில் படும் ஜன்னல் கண்ணாடியில் உள்பக்கமாக ஒட்டிவைத்தால் சில வாரத்தில் வெளுக்கும். இந்த வைத்தியத்துக்கு நம் வெயில் வசதி. பழைய தாளாக இருந்தால் முதலில் வேண்டாத எண் ஒன்றைத் தண்ணீரில் போட்டுப் பாருங்கள். அது துண்டு துண்டாகச் சிதறினால் மிச்சத்தின் மேல் கிளியர் லாக்கர் அடித்துவிட்டுத்தான் தொட வேண்டும்.

மலிவு கிட்டை வாங்கி அதற்கு ரெசின் காக்பிட், உலோகத் தகடு, தனி டெக்கால் என்று மேலே மேலே வாங்குகிறவர்களைப் பார்க்கிறேன். கூட்டிப் பார்த்தால் தமியா போன்ற உயர்தரக் கம்பெனி கிட்டின் விலையைத் தாண்டியிருக்கும், பொருத்தம் மட்டும் பழையபடியே இருக்கும். அந்தக் காசை நான் நல்ல பசைக்கும் மாஸ்கிங் டேப்புக்கும் போடுவேன். அவை அடுத்த கிட்டுக்கும் வரும்.

இப்போது அதிகம் விசாரிக்கப்படுவது மிக்-21. 1963இல் இந்திய விமானப்படைக்கு வந்து, 2025 செப்டம்பர் 26 அன்று சண்டிகரில் விடைபெற்றது. இதில் விலையைப் பார்ப்பதற்கு முன் வகையைப் பாருங்கள். நம்மிடம் முக்கியமாக இருந்தவை எஃப்எல், எம், எம்எஃப், பிஸ், பிறகு பிஸ்ஸிலிருந்து வந்த பைசன். முதுகுத் தண்டு எஃப்எல்லில் ஒல்லி, பிஸ்ஸில் பருமன். டெக்கால் மாற்றி இதைச் சரிக்கட்ட முடியாது. எம்எஃப்தான் வேண்டும் என்றால் எட்வர்ட் கம்பெனியின் 1/72 கிட்டை, உலோகத் தகடு இல்லாத வீக்எண்ட் பதிப்பாக வாங்குவது லாபம். ஆயிரம் ரூபாய்ப் பழைய அச்சைவிட விலை கூடத்தான், ஆனால் பட்டி டியூபைத் திறக்கும் வேலை அநேகமாக இருக்காது. மூன்று சக்கரத்தில் நிற்கும் விமானம் என்பதால் வால் பக்கம் சாயாமல் இருக்க மூக்கில் எடை வைக்க மறக்க வேண்டாம், டயர் கடையில் வீல் பேலன்ஸுக்கு ஒட்டும் எடைத் துண்டு ஒன்றை வெட்டி வைத்தால் போதும். மூக்கில் நீட்டிக்கொண்டிருக்கும், வேகம் அளக்கும் பிட்டோ குழாயை எல்லாம் முடிந்த பிறகு கடைசியாக ஒட்டுங்கள். முடிந்தால் பெட்டியில் வரும் குழாய்க்குப் பதில் ஒரு ஊசியை வெட்டிப் பொருத்திவிடுங்கள், பிளாஸ்டிக் குழாய் வீட்டில் யாராவது தூசி தட்டும் முதல் நாளே உடையும்.