காரிலிருந்து இறங்கும்போது அடிக்கும் ஷாக்: எந்த வழி உருப்படியானது?

கதவைச் சாத்தக் கை நீட்டுகிறோம். விரல் தகரத்தைத் தொடுவதற்கு மயிரிழை முன்னால் 'டப்' என்று ஒரு பொறி. வலி ஒரு நொடிகூட நிற்காது. ஆனால் பத்து நாள் தொடர்ந்து வாங்கினால், கதவைப் பார்த்தாலே கை தானாகப் பின்வாங்கும். இறங்கியதும் இடுப்பால் கதவைத் தள்ளிச் சாத்துகிற ஆட்களை நீங்களும் பார்த்திருப்பீர்கள். நானும் கொஞ்ச காலம் அந்தக் கட்சியில் இருந்தவன்தான்.

இதற்கு மருந்து என்று பலவும் விற்கிறார்கள். காருக்கு அடியில் தொங்கும் ரப்பர் வால், சாவிக்கொத்தில் மாட்டும் சின்ன விளக்கு, மணிக்கட்டில் போடும் வளையம், சீட்டில் அடிக்கும் ஸ்ப்ரே. காசு செலவில்லாத வழிகளும் சில உண்டு. ஏறக்குறைய எல்லாவற்றையும் முயன்று பார்த்தாகிவிட்டது. எது மேல் என்று சொல்வதற்கு முன்னால் ஒரு விஷயத்தைத் தெளிவாக்கிக்கொள்ள வேண்டும், ஏனென்றால் பாதிப் பேர் தப்பான ஆளைப் பிடித்து உதைத்துக்கொண்டிருக்கிறார்கள்.

குற்றவாளி கார் இல்லை

"கார் ஷாக் அடிக்கிறது" என்றுதான் சொல்கிறோம். ஓடும்போது காற்றில் உரசி உரசி காரில் மின்சாரம் ஏறிவிடுகிறது என்று விளக்கமும் கைவசம் வைத்திருக்கிறோம். சோதித்துப் பார்ப்பது சுலபம். மணிக்கணக்காக நிறுத்தி வைத்திருக்கும் காரில் ஏறி, சீட்டில் நன்றாக அசைந்து உட்கார்ந்து, அப்படியே இறங்கிக் கதவைத் தொடுங்கள். வறண்ட நாளாக இருந்தால் அப்போதும் அடிக்கும். கார் ஒரு அடிகூட நகரவில்லையே, காற்று எங்கிருந்து வந்தது?

நடப்பது இதுதான். உங்கள் உடையும் சீட் துணியும் ஒட்டி உரசும்போது ஒன்றிலிருந்து மற்றதற்கு மின்னூட்டம் மாறுகிறது. உட்கார்ந்திருக்கும் வரை இரண்டும் அருகருகே இருப்பதால் ஒன்றை ஒன்று சமன் செய்துகொண்டு சாதுவாகக் கிடக்கின்றன. எழுந்ததும்தான் வினை. சீட்டின் பங்கு சீட்டிலேயே தங்கிவிட, உங்கள் பங்கு உங்களோடு வெளியே வருகிறது. மின்னூட்டத்தின் அளவு மாறுவதில்லை. இரண்டும் விலக விலக வோல்டேஜ் மட்டும் எகிறுகிறது. சீட்டை விட்டுத் தரையில் நிற்பதற்குள் 10,000 வோல்ட்டைத் தொடுவது சாதாரணம். அந்த வோல்டேஜில் பொறி சுமார் 3 மில்லிமீட்டர் தாவும்.

10,000 வோல்ட் என்றதும் பயப்பட வேண்டாம். மனித உடம்பு தேக்கி வைக்கக்கூடியது மிகக் கொஞ்சம், 100 முதல் 150 பிகோஃபாரட்தான். அந்தக் கணக்கில் மொத்த ஆற்றல் 5 மில்லிஜூலை ஒட்டித்தான் வரும். சுள்ளென்று வலிக்கும், திடுக்கிடுவோம், அவ்வளவுதான். சுமார் 3,000 வோல்ட்டுக்குக் கீழே இருந்தால் அடித்ததே பெரும்பாலும் தெரியாது. ஆக, ஒரு வழி நல்லதா கெட்டதா என்பதை இரண்டே கேள்வியில் அளந்துவிடலாம். உங்கள் உடம்பில் மின்னூட்டம் சேராமல் தடுக்கிறதா? சேர்ந்துவிட்டால், அதை வலிக்காமல் வெளியே அனுப்புகிறதா?

ரப்பர் வாலும் வளையமும்

வண்டிக்கு அடியில் தொங்கி, தரையைத் தொட்டுக்கொண்டே வரும் பட்டையை எங்கும் பார்க்கலாம். காரின் உடம்பிலிருந்து தரைக்கு மின்சாரம் இறங்க ஒரு பாதை போடுவது அதன் வேலை. பெட்ரோல் டாங்கர் லாரிகள் ஒரு காலத்தில் சங்கிலியை இழுத்துக்கொண்டு போனது இதே கணக்கில்தான்.

ஆனால் அந்தப் பாதையைப் பெரும்பாலும் டயரே போட்டுவிடுகிறது. டயர் ரப்பரில் கலக்கும் கார்பன் கரி கொஞ்சம் மின்சாரத்தைக் கடத்தும். 1990களில் எரிபொருளை மிச்சப்படுத்த சிலிக்கா கலந்த டயர்கள் வந்தபோது அந்தக் கடத்தும் குணம் குறைந்துபோனது. அதைச் சரிக்கட்ட, டயரின் தரை தொடும் பகுதியில் கரி அதிகமுள்ள ஒரு மெல்லிய கோட்டை உள்ளிருந்து வெளிவரை ஓட விட்டார்கள். சில டயர்களைக் குனிந்து பார்த்தால் சுற்றிலும் அந்தக் கோடு தெரியும்.

சரி, டயர் சுத்தமாகக் கடத்தாதது என்றே வைத்துக்கொள்வோம். அப்போதும் வால் காலி செய்வது காரின் மின்னூட்டத்தை. ரப்பர் செருப்போடு தரையில் நிற்கும் உங்கள் உடம்பில் இருப்பதை அது எப்படித் தொடும்? அடி கொஞ்சம் குறையலாம், போகாது. வெளியே நிற்கும் ஒருவர் வந்து நிற்கிற காரைத் தொட்டு அடிவாங்குகிறார் என்றால் வால் உதவும். இறங்குகிறவருக்கு அது அலங்காரம். நான் மாட்டியது வேகத்தடைகளில் உரசித் தேய்ந்து, சில மாதத்தில் தரையைத் தொடாமல் காற்றில் ஆடிக்கொண்டிருந்தது. அது தேய்வதற்கு முன்னும் பின்னும் எனக்கு ஒரே மாதிரிதான் அடித்தது.

வளையத்துக்கு இவ்வளவு பேச்சே அதிகம். எலெக்ட்ரானிக்ஸ் பணிமனைகளில் மணிக்கட்டில் கட்டும் பட்டை வேலை செய்யும். அதற்குக் காரணம் அதிலிருந்து ஒரு வயர் போய் நிலத்தோடு இணைந்திருப்பது. வயர் இல்லாத வளையத்தில் மின்சாரம் போவதற்கு இடமே இல்லை. வெறும் வளையம்.

சாவியா, விளக்கு வைத்த சாவிக்கொத்தா

இது கொஞ்சம் சரிசமமான போட்டி. இரண்டுமே மின்னூட்டம் சேர்வதைத் தடுக்காது. சேர்ந்ததை வலிக்காமல் இறக்கும்.

ஷாக் ஏன் வலிக்கிறது என்று பார்த்தால் சாவி வேலை செய்யும் விதம் புரியும். விரல் நுனியில் நரம்புகள் நெருக்கமாக இருக்கின்றன. பொறி பாயும் இடமோ ஊசிமுனை அளவு. மின்சாரம் முழுவதும் அந்தப் புள்ளி வழியாகவே போகிறது. உலோகச் சாவியை முழுக் கையால் இறுக்கிப் பிடித்து, அதன் நுனியால் கதவைத் தொட்டால் பொறி சாவிக்கும் தகரத்துக்கும் நடுவில் நடக்கும். கையிலிருந்து சாவிக்குப் போகும் மின்சாரம் உள்ளங்கை முழுக்கப் பரவிவிடும். 'டக்' என்ற சத்தம் காதில் விழும், வலி தெரியாது. நாணயமும் இதையே செய்யும். இரண்டு விரலால் நுனியைக் கிள்ளிப் பிடித்தால் மட்டும் பலன் குறைவு, அழுத்திப் பிடிக்க வேண்டும். இன்னொரு சிக்கல், இப்போது பல கார்களில் சாவி என்பதே ஒரு பிளாஸ்டிக் டப்பா. அதை வைத்துத் தொட்டுவிட்டு "வேலை செய்யவில்லை" என்று சொன்னவர்கள் உண்டு. பிளாஸ்டிக் எப்படிச் செய்யும்? வீட்டுச் சாவியை எடுங்கள்.

விளக்குச் சாவிக்கொத்து இன்னும் நாசூக்கானது. உள்ளே ஒரு பெரிய மின்தடையும் ஒரு நியான் விளக்கும் இருக்கும். வெறும் விரலால் தொட்டால், 10,000 வோல்ட்டில் அந்த ஒரு கணத்துக்கு 6, 7 ஆம்பியர் வரை பாயலாம். ஒரு மைக்ரோநொடி ஆவதற்குள் முடிந்தும் போகும். நடுவில் ஒரு மெகாஓம் மின்தடை வந்தால் அதே பாய்ச்சல் 10 மில்லிஆம்பியராக அடங்குகிறது. வெள்ளத்தை மதகு வைத்துத் திறந்துவிடுவது மாதிரி. விளக்கு ஒரு தடவை மினுக்கும், வேறு எதுவும் தெரியாது.

எது மேல்? வலி இல்லாமல் செய்வதில் சாவிக்கொத்துக்கு ஒரு படி முன்னிலை. இருட்டில் அது மினுங்குவதைப் பார்ப்பதில் ஒரு சின்ன சந்தோஷமும் இருக்கிறது, மறைக்கவில்லை. ஆனால் அதன் கடத்தும் பகுதியில் வெறும் தோல் படுகிற மாதிரிப் பிடிக்க வேண்டும், கையுறை போட்டிருந்தால் காரியம் நடக்காது. இரண்டுக்கும் பொதுவான பெரிய குறை, ஞாபக மறதி. கை நிறையப் பையோடு இறங்குகிற அவசரத்தில் யார் சாவியைத் தேடுவது? அடி வாங்கிய பிறகுதான் சாவியின் நினைப்பே வரும்.

சீட், உடை, ஸ்ப்ரே

பாலியஸ்டரும் நைலானும் உரசினால் மின்னூட்டம் தாராளமாகச் சேரும். பருத்தி காற்றிலுள்ள ஈரத்தைத் தன் எடையில் சுமார் 8 சதவீதம் வரை பிடித்து வைத்திருக்கும், பாலியஸ்டர் அரை சதவீதம்கூடப் பிடிக்காது. அந்த ஈரம்தான் மின்னூட்டத்தைக் கசிய விடுகிறது. மழைநாளில் ஷாக் அடிக்காமல், குளிர்ந்து வறண்ட நாளில் அடிப்பதும் இதனால்தான். சீட் மேல் ஒரு பருத்தித் துண்டை விரித்தால் வித்தியாசம் நன்றாகவே தெரிகிறது. முழு உறை போடுகிறவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். பல கார்களில் சீட்டின் பக்கவாட்டுக்குள் ஏர்பேக் இருக்கிறது. அது கிழித்துக்கொண்டு வெளிவர இடம் விட்டுத் தைத்த உறையாக இருக்க வேண்டும். ஷாக்குக்குப் பயந்து ஏர்பேக்கை அடைத்து வைப்பது புத்திசாலித்தனம் இல்லை.

ஸ்ப்ரே, அல்லது துணியை மென்மையாக்கும் திரவத்தைத் தண்ணீரில் கலந்து தெளிப்பது, இரண்டும் ஒரே வித்தைதான். துணி மேல் ஈரத்தை இழுக்கும் ஒரு மெல்லிய படலத்தை விட்டுச் செல்கின்றன. பலன் உண்டு. உட்கார்ந்து எழுந்து தேயத் தேயப் போய்விடும், சில வாரத்துக்கு ஒருமுறை மறுபடி அடிக்க வேண்டும். காற்றிலேயே ஈரம் இல்லாத நாட்களில் படலம் எதை இழுக்கும்? ஷாக் அதிகமாக அடிக்கிற நாளில் இது பலவீனப்படுவதுதான் இதன் வேடிக்கை. சீட்டுக்குள் சென்சாரும் சூடேற்றும் கம்பியும் இருக்கலாம் என்பதால் நனையத் தெளிக்கவும் கூடாது.

யாரும் சந்தேகப்படாத காலணி

ஒரே கார், ஒரே சீட், ஒரே உடை. தடித்த ரப்பர் அடிப்பாகம் கொண்ட ஷூ போட்ட நாளில் அடிக்கிறது, தோல் அடிப்பாகம் கொண்ட செருப்புப் போட்ட நாளில் அடிக்கவில்லை. இதைக் கண்டுபிடிக்க எனக்கு ரொம்ப நாள் ஆனது. கதவையே முறைத்துக்கொண்டிருந்தவன் காலைப் பார்க்கவில்லை.

கணக்கு இப்படி. காலணியின் மின்தடை 1,000 மெகாஓமாக இருந்தால் உடம்பிலுள்ள மின்னூட்டத்தின் பெரும்பகுதி பத்தில் ஒரு நொடியில் தரைக்குக் கசிந்துவிடும். நீங்கள் இறங்கித் திரும்பிக் கதவைத் தொடுவதற்குள் கதை முடிந்திருக்கும். நல்ல மின்காப்பு உள்ள அடிப்பாகம் இதைப் போல ஆயிரம் மடங்கு தடை தரும். அப்போது கசிய நிமிடக் கணக்கில் ஆகும். பாதுகாப்புக் காலணிகளில் எஸ்1, எஸ்2, எஸ்3 என்று குறியிட்டவை நிலைமின்சாரத்தைக் கசியவிடும் வகையைச் சேர்ந்தவை. அவற்றின் மின்தடை 100 கிலோஓமுக்கும் 1,000 மெகாஓமுக்கும் நடுவில் இருக்க வேண்டும் என்பது விதி. காலில் போட்டால் போதும், எதையும் ஞாபகம் வைக்கத் தேவையில்லை. காசு கொடுத்து வாங்குகிறவற்றில் என் ஓட்டு இதற்குத்தான். நிற்கிற தரையும் கடத்த வேண்டும் என்பது மட்டும் நிபந்தனை. கான்கிரீட் பரவாயில்லை, காய்ந்த தார் கொஞ்சம் மோசம்.

காசே இல்லாத வழி

எல்லாவற்றையும் தோற்கடிப்பது இதுதான். கதவைத் திறந்ததும், சீட்டை விட்டு எழுவதற்கு முன்பே காரின் உலோகப் பகுதி ஒன்றைப் பிடியுங்கள். பிடித்தபடியே எழுந்து, இரண்டு காலும் தரையில் ஊன்றி நின்ற பிறகு விடுங்கள். மின்னூட்டம் பிரியப் பிரிய உங்கள் பங்கு கை வழியாகக் காருக்கே திரும்பிப் போய்விடும். வோல்டேஜ் ஏறவே இடமில்லை, பொறியும் இல்லை.

கேட்க எளிது, தப்பாகச் செய்வதும் எளிது. உட்கார்ந்தபடி தொட்டுவிட்டு, கையை எடுத்த பிறகு எழுந்தால் பலன் பூஜ்யம். கதவின் உள்பக்கக் கைப்பிடி பளபளவென்று உலோகம் மாதிரி இருந்தாலும் பெரும்பாலும் முலாம் பூசிய பிளாஸ்டிக்தான், அது எதற்கும் உதவாது. பெயின்ட் அடித்த இடமும் அரைகுறை, ஏனென்றால் பெயின்ட் மின்காப்பு. ஓட்டுநர் கதவைத் திறந்ததும் தோளுக்குப் பின்னால் நடுத்தூணில் ஒரு வளைந்த கம்பி தெரியும். கதவின் பூட்டு கவ்விக்கொள்வது அதைத்தான். பெயின்ட் இல்லாத சுத்தமான உலோகம், சில சமயம் விரலில் கிரீஸ் ஒட்டும். அதைப் பிடித்து எழுவதுதான் கச்சிதம். கையை எடுத்த பிறகே கதவைச் சாத்துங்கள் என்று தனியாகச் சொல்ல வேண்டியதில்லை, ஆனாலும் சொல்லி வைக்கிறேன்.

பழக ஒரு வாரம் ஆகும். அதற்கு அப்புறம் கை தானாகப் போகும்.

பெட்ரோல் பங்கில் மட்டும் கணக்கு வேறு

இதுவரை வலியை வைத்துத்தான் தீர்ப்புச் சொன்னோம். பெட்ரோல் நிரப்பும் இடத்தில் அளவுகோல் வலி இல்லை, பொறி. பெட்ரோல் ஆவி பற்றிக்கொள்ள கால் மில்லிஜூல் அளவு போதும். உங்கள் உடம்பில் இருப்பதோ அதைப் போல் 20 மடங்கு. இங்கே சாவி வைத்தியம் ஏமாற்றிவிடும். விரலுக்கு வலிக்காது, ஆனால் சாவி நுனியில் தெறிக்கும் பொறி அதே சூடுதான்.

நாமே நிரப்பிக்கொள்கிற இடங்களில் ஆபத்தான பழக்கம் ஒன்று உண்டு. குழாயை மாட்டிவிட்டுக் குளிருக்காகவோ போனுக்காகவோ மறுபடி காருக்குள் போய் உட்கார்ந்து, பின்பு இறங்கி நேராகக் குழாயைப் பிடிப்பது. புது மின்னூட்டத்தோடு, ஆவி நிறைந்திருக்கும் வாய்க்குப் பக்கத்திலேயே கையைக் கொண்டுபோகிறோம். நிரம்பி முடிகிறவரை வெளியிலேயே நில்லுங்கள். உள்ளே போயே ஆக வேண்டுமென்றால், திரும்பி வரும்போது குழாயிலிருந்து தள்ளி, காரின் வேறொரு உலோகப் பகுதியை வெறும் கையால் தொட்டுவிட்டு அப்புறம் வாருங்கள். அப்படியும் தீப்பிடித்துவிட்டால் குழாயை வெளியே இழுக்கக் கூடாது. இழுத்தால் பெட்ரோல் சிதறித் தீ பரவும். அப்படியே விட்டு விலகி, ஊழியரிடம் பம்பை நிறுத்தச் சொல்லுங்கள்.