மொத்தமாகக் கட்டினால் தள்ளுபடி என்பவரிடம் கல்யாண வேலையைக் கொடுக்காதீர்கள்: எங்களுக்கு ரூ.1,85,000 போய்விட்டது

போன வாரம்தான் மதுரையில் தங்கை கல்யாணம் நடந்தது. மறுவீட்டு விருந்துகூட இன்னும் முடியவில்லை. வீட்டில் எல்லோரும் சந்தோஷமாக இருக்க வேண்டிய நேரத்தில் நான் போனைக் கையில் வைத்துக்கொண்டு 1,85,000 ரூபாயைத் திருப்பிக் கேட்டுக்கொண்டிருக்கிறேன். கோபம் ஆறுவதற்குள் எழுதிவிடுகிறேன். ஐப்பசிக்கோ தை மாதத்துக்கோ தேதி குறித்துவிட்டு அட்வான்ஸ் கொடுக்கக் காத்திருப்பவர்கள் கண்ணில் இது பட வேண்டும்.

எந்த ஆப் என்று யாரும் கேட்காதீர்கள், புகார் போயிருப்பதால் பெயர் சொல்லவில்லை. வகையை மட்டும் சொல்கிறேன். மண்டபம், டெக்கரேஷன், போட்டோ, மேக்கப் என்று எல்லாருடைய விவரத்தையும் ஒரே இடத்தில் போட்டு, சிலர் பெயருக்குப் பக்கத்தில் பச்சை டிக் வைத்துக் காட்டும் கல்யாண ஆப். அதில் பச்சை டிக்கோடு இருந்த ஒருவர், எல்லா வேலையையும் சேர்த்துப் 'பேக்கேஜ்' எடுத்துச் செய்பவர். பணம் அவரிடம்தான் போனது.

அப்பா ஓய்வு பெற்றவர். நகை, புடவை போக மற்ற செலவு எல்லாம் சேர்த்து எட்டு லட்சத்தைத் தாண்டக் கூடாது என்று அம்மா ஒரு நோட்டுப் போட்டு வைத்திருந்தார். எட்டு லட்சத்தில் இன்றைக்கு ஒரு கல்யாணம் முடிப்பது எவ்வளவு கஷ்டம் என்று தெரிந்தவர்களுக்குத் தெரியும். அதனால் ஒவ்வொருவரிடமும் உட்கார்ந்து பேசினோம். சமையல் மாஸ்டர் முகூர்த்தச் சாப்பாடு இலைக்கு 340 ரூபாய் கேட்டார். குறைக்கச் சொன்னோம். யோசித்துவிட்டு, "ரெண்டு ஸ்வீட்டை ஒண்ணாக்கிருவோம், முந்திரி போட்ட குருமாவுக்குப் பதிலா அவியல் வச்சுக்கலாம், 30 ரூபா குறையும். மளிகையை நீங்களே எடுத்துக் குடுத்தா நான் கூலிக்கு மட்டும் வர்றேன், இன்னும் மிச்சமாகும்" என்றார். மண்டபக்காரர் வாடகையில் ஒரு ரூபாய்கூட விடமாட்டேன் என்றார். வளர்பிறை முகூர்த்த நாள், அவருக்கு ஆள் வரிசையில் நிற்கிறது. ஆனால் சாயங்காலம் தர வேண்டிய மண்டபத்தை மதியமே திறந்துவிடச் சம்மதித்தார், துப்புரவுக் கட்டணத்தைத் தள்ளினார். இதெல்லாம் நியாயமான பேரம். அவர்கள் ஒன்றைக் குறைத்தால் எதற்காகக் குறைகிறது என்று நமக்குத் தெரிந்தது.

பேக்கேஜ்காரர் விஷயத்தில் அப்படி இல்லை. மேடை அலங்காரம், மாலைகள், வாசலில் வாழைமரம் தோரணம், சீரியல் செட், போட்டோ வீடியோ, மணப்பெண் மேக்கப், எல்லாம் சேர்த்து 2,60,000 என்று ஆரம்பித்தார். நாங்கள் தயங்கியதும் 2,30,000 ஆனது. அப்புறம் 2,00,000. அறுபதாயிரம் குறைந்தும் பட்டியலில் ஒரு பூகூடக் குறையவில்லை, ஒரு கேமராகூடக் குறையவில்லை. பேசிப் பேசிக் குறைத்துவிட்டோம் என்று நாங்கள் வீட்டில் மகிழ்ந்துகொண்டிருந்தோம்.

நம்பிக்கை வந்தது எப்படி என்று சொல்ல வேண்டும். இதை நன்றாகப் படியுங்கள், உங்கள் வீட்டுக்கு வருபவரும் இதே மாதிரிதான் நடந்துகொள்வார். வீட்டுக்கே வந்தார். செருப்பை வெளியே விட்டுவிட்டு வந்து, சாமி படத்தைப் பார்த்துக் கும்பிட்டுவிட்டு உட்கார்ந்தார். அம்மா காபி கொடுத்தார், "அம்மா, சர்க்கரை கம்மியா" என்று உரிமையோடு கேட்டு வாங்கிக் குடித்தார். அம்மாவின் நோட்டை வாங்கிப் பார்த்தார். அதில் தங்கை ஆசைப்பட்டு எழுதி வைத்திருந்த எல்.ஈ.டி. வாலையும் புகை போட்டு நடந்து வரும் என்ட்ரியையும் அவரே பேனாவால் அடித்தார். "அக்கா, இது ரெண்டும் வேஸ்ட். அஞ்சு நிமிஷத்துக்கு அத்தனை ஆயிரம் எதுக்கு? எங்க வீட்டுலயும் கல்யாணத்துக்குத் தங்கச்சி இருக்கு, கஷ்டம் எனக்குத் தெரியும்." தன் வருமானத்தைத் தானே அடிக்கிற ஆளை யார் சந்தேகப்படுவார்கள்? அப்பா அன்றைக்கு ராத்திரி சாப்பிடும்போது, "நல்ல பையனா இருக்கான்" என்று சொன்னார்.

கிளம்பும்போதுதான் அந்தப் பேச்சை எடுத்தார். "முகூர்த்த நாள்ல மல்லி என்ன விலை போகும்னு உங்களுக்கே தெரியும். இப்பவே மொத்தமா குடுத்தீங்கன்னா பூக்காரங்ககிட்ட ரேட்டை லாக் பண்ணிருவேன். உங்களுக்குப் பதினஞ்சாயிரம் மிச்சம், 1,85,000 குடுத்தாப் போதும்." மாட்டுத்தாவணிப் பூ மார்க்கெட்டில் முகூர்த்தத்துக்கு முந்தின நாள் மல்லி விலை எப்படி ஏறும் என்று மதுரைக்காரர்களுக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை. காலையில் ஒரு விலை, மதியம் ஒரு விலை. அவர் சொன்னதில் அர்த்தம் இருந்தது. 1,85,000 ரூபாயை அப்பா தன் கணக்கிலிருந்து அனுப்பினார். பணம் போய்ச் சேர்ந்தது நிறுவனத்தின் பெயரில் இல்லை, அவருடைய சொந்தப் பெயரில் இருந்த கணக்குக்கு. கேட்டதற்கு, "கரண்ட் அக்கவுண்ட்ல சின்ன பிரச்சனை, ரசீது ஆபீஸ்ல இருந்து வரும்" என்றார். ரசீது என்று வந்தது வாட்ஸ்அப்பில் ஒரு படம். அதில் ஜி.எஸ்.டி. எண்ணும் இல்லை, முகவரியும் இல்லை.

வரவேற்பு அன்று சாயங்காலம். ஏழு மணிக்கு மாப்பிள்ளை அழைப்பு. ஆறு மணிக்கு மேடையில் வெறும் இரும்புச் சட்டமும் துணியும்தான் நிற்கிறது. பூ வரவில்லையே என்று வாசலுக்கு ஓடினால், பூ ஏற்றிய டெம்போ அங்கேதான் நிற்கிறது. தார்ப்பாயைத் திறக்கவே இல்லை. பூக்காரர் வண்டி மேல் சாய்ந்து நின்றுகொண்டிருந்தார். ஏன் இறக்கவில்லை என்று கேட்டேன்.

"அக்கா, அவரு எனக்கு டோக்கனா 5,000தான் குடுத்தாரு. மீதி 58,000 மண்டபத்துல பார்ட்டிகிட்ட வாங்கிக்கோன்னு சொன்னாரு. நீங்கதானே பார்ட்டி?"

நாங்கள் முழுப் பணமும் கட்டிவிட்டோம் என்று போனில் இருந்ததைக் காட்டினேன். அந்த மனிதர் பார்த்துவிட்டு ஒரு நிமிஷம் பேசவில்லை. "அக்கா, நான் நிலக்கோட்டைல கடனுக்கு எடுத்துட்டு வந்திருக்கேன். இறக்கிட்டுப் போனா எனக்கு யாரு குடுப்பா?" என்றார். அவர் மேல் எனக்குக் கோபமே இல்லை. அவரும் எங்களை மாதிரி ஏமாந்தவர்தான். ரேட்டை லாக் செய்தாரே என்று கேட்டதற்கு, "மல்லிக்கு யாருக்கா மாசக்கணக்குல முன்னாடி ரேட் பேசுவா? அன்னைக்கு மார்க்கெட்ல என்னவோ அதுதான்" என்றார். எதைச் சொல்லி எங்களிடம் 1,85,000 வாங்கினாரோ அதுவே முழுப் பொய்.

பேக்கேஜ்காரருக்குப் போன் போட்டால் எடுக்கவில்லை. மாப்பிள்ளை வீட்டு வேன் ரிங் ரோட்டைத் தாண்டிவிட்டது என்று தகவல் வருகிறது. மண்டபத்துக்குக் கட்ட வைத்திருந்த மீதிப் பணத்திலிருந்து அம்மா 58,000 எடுத்துக் கொடுத்தார். தார்ப்பாய் திறந்தது. சம்பங்கியும் செவ்வந்தியும் கட்டி முடித்தபோது பாதி விருந்தினர் வந்து உட்கார்ந்திருந்தார்கள். அடுத்த நாள் மொய் எழுதிய நோட்டை மூடுவதற்கு முன்பே, அந்தப் பணத்தை எடுத்துத்தான் மண்டபக் கணக்கைத் தீர்த்தோம். அப்பா அதைக் கையில் வாங்கும்போது யாரையும் நிமிர்ந்து பார்க்கவில்லை.

மேக்கப் செய்ய வருவதாகச் சொன்னவர் வரவே இல்லை. பக்கத்துத் தெருவில் பார்லர் வைத்திருக்கும் அக்கா விடிவதற்கு முன்னால் எழுந்து வந்து தங்கைக்குத் தலை பின்னிவிட்டார், அவருக்குக் கோடிப் புண்ணியம்.

போட்டோ விஷயம்தான் மனசை அறுக்கிறது. இரண்டு கேமரா, ஒரு வீடியோ, ஒரு ட்ரோன் என்று பேசியது. வந்தது ஒரு தம்பி, ஒரு கேமரா. வரவேற்பு முடிந்ததும் அவருக்கும் கூலி வரவில்லை, மறுநாள் அவர் வரவில்லை. தாலி கட்டிய நேரத்துக்கு எங்களிடம் இருப்பது சொந்தக்காரர்கள் போனில் எடுத்ததுதான். கெட்டிமேளம் கேட்கிறது, மாப்பிள்ளையின் கையை யாரோ ஒரு மாமாவின் தோள் மறைக்கிறது. பூவுக்கு இரண்டாம் முறை பணம் கொடுத்து வாங்கிவிடலாம். முகூர்த்தத்தை இரண்டாம் முறை எடுக்க முடியுமா?

கல்யாணம் முடிந்ததும் வேறு எண்ணிலிருந்து பேக்கேஜ்காரரைக் கூப்பிட்டேன், எடுத்துவிட்டார். "அக்கா, வீட்டுல ஒரு டெத், அதான் வர முடியல." சரி, துக்கம் என்று விட்டேன். அடுத்து, "அக்கவுண்ட்ஸ்ல சொல்லிட்டேன், திங்கக்கிழமை போட்டுருவாங்க." திங்கட்கிழமை வந்தது. "பேங்க் சர்வர் டவுன்." அப்புறம், "அக்கா, நீங்க இப்படி நச்சரிச்சா நான் எப்படி வேலை பார்க்கறது?" காபி குடிக்கும்போது அம்மா என்று கூப்பிட்ட அதே வாய்! இப்போது என் எண்ணை பிளாக் செய்துவிட்டார். ஆனால் அவர் ஸ்டேட்டஸில் வேறு ஒரு கல்யாண மேடையின் படம் போட்டிருப்பதை என் சித்தி மகன் காட்டினான்.

ஆப்பில் புகார் போட்டேன். 'உங்கள் அனுபவத்துக்கு வருந்துகிறோம்' என்று ஒரு தானியங்கிப் பதில். தொடர்ந்து கேட்டதும் ஒரு பெண் பேசினார். "மேடம், நாங்க லிஸ்டிங் மட்டும்தான் பண்றோம், பேமென்ட் எங்க மூலமா நடக்கலையே" என்றார். பச்சை டிக் எதற்குப் போட்டீர்கள் என்று கேட்டேன். அது போன் எண்ணும் அடையாள அட்டையும் சரிபார்த்ததற்கு மட்டும்தானாம். இதை எங்கே எழுதி வைத்திருக்கிறார்கள்? கடைசியில், அடுத்த நிகழ்ச்சிக்கு 2,000 ரூபாய் கூப்பன் தருகிறோம் என்றார்கள். 1,85,000 ரூபாய் போன வீட்டுக்கு 2,000 ரூபாய் கூப்பன். நான் எழுதிய விமர்சனம் இன்றுவரை 'பரிசீலனையில்' என்றே இருக்கிறது, அவருடைய ஐந்து நட்சத்திர விமர்சனங்கள் எல்லாம் அப்படியே இருக்கின்றன.

காவல் நிலையத்தில் முதலில் "இது கொடுக்கல் வாங்கல், சிவில் கேஸ்" என்றார்கள். பூக்காரரும் கூட வந்து தனக்குச் சொன்னதைச் சொன்ன பிறகு புகாரைப் பெற்றுக்கொண்டதற்கான சி.எஸ்.ஆர். ரசீது போட்டுக் கொடுத்தார்கள். தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-லும் பதிந்திருக்கிறேன். நுகர்வோர் ஆணையத்துக்குப் போகப் போகிறோம். கொடுத்த தொகை 5 லட்சத்துக்குள் இருந்தால் மாவட்ட ஆணையத்தில் கட்டணம் இல்லை, நாம் குடியிருக்கும் மாவட்டத்திலேயே வழக்குப் போடலாம், இரண்டு வருஷத்துக்குள் போட வேண்டும். ஆப் நடத்துபவர்களும் கைகழுவ முடியாது. 2020-இல் வந்த மின்வணிக விதிகளின்படி குறைதீர் அலுவலர் ஒருவரை வைத்து, 48 மணி நேரத்தில் புகாரை ஏற்று, ஒரு மாதத்துக்குள் தீர்வு சொல்லியாக வேண்டும்.

யாரிடம் எப்படிப் பேசினால் கல்யாணச் செலவு குறையும் என்று விரிவாக எழுதித் தருவதாகத் தோழிகளிடம் சொல்லியிருந்தேன். இப்போது அதற்கு மனசும் இல்லை, நேரமும் இல்லை. அவசரத்துக்கு இதை மட்டும் பிடித்துக்கொள்ளுங்கள். முழுப் பணத்தையும் முன்னால் கேட்டால், எவ்வளவு தள்ளுபடி என்றாலும் வேண்டாம். விலை குறைகிறது, பட்டியல் குறையவில்லை என்றால் எழுந்துவிடுங்கள். நிறுவனம் என்றால் நிறுவனக் கணக்குக்குத்தான் பணம் போக வேண்டும். நடுவில் ஒருவர் இருந்தால் பூக்காரர், போட்டோகிராபர், மேக்கப் போடுபவர் எண்களை முன்கூட்டியே வாங்கி, "உங்களுக்கு எவ்வளவு வந்தது, எங்களிடம் ஏதாவது வாங்கச் சொன்னார்களா" என்று நீங்களே கேளுங்கள். போட்டோவை மட்டும் தயவுசெய்து எந்தப் பேக்கேஜிலும் சேர்க்காதீர்கள்.

மதுரை, திண்டுக்கல், விருதுநகர் பக்கம் இதே மாதிரி வீட்டுக்கு வந்து, நோட்டை வாங்கி, செலவை அடித்துக் காட்டி, பூ ரேட்டை லாக் செய்கிறேன் என்று சொன்ன ஆளிடம் பணம் கொடுத்தவர்கள் இருந்தால், பணம் அனுப்பிய விவரத்தையும் வாட்ஸ்அப் பேச்சையும் அழிக்காமல் வைத்துக்கொண்டு எனக்குத் தனியாகத் தகவல் அனுப்புங்கள். எல்லோரும் சேர்ந்தே வழக்குப் போடலாமா என்று வக்கீலிடம் கேட்கப் போகிறேன். 1,85,000 ரூபாயை விடுவதாக இல்லை.